பணிப்பதிவில் விட்டுப்போன போர்ச் சின்னத்தைச் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அமெரிக்கத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். 1968 பிப்ரவரி முதல் 1969 ஜனவரி வரை வியட்நாமில் இருந்தார். ஒரு மாலை, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பினார். "இதில் ஒன்று குறைகிறது. சாவதற்குள் சேர்த்துவிட வேண்டும். உதவி செய்வாயா?" என்று கேட்டார். அவருக்காகப் படித்ததும் எழுதியதும் அக்கம்பக்கத்தில் தெரிந்து, பிறகு வேறு சிலரும் கேட்டார்கள். அமெரிக்கப் படையில் மகனோ மருமகனோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் தரைப்படை பற்றியது. மற்றப் படைகளுக்கு மாறும் இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

படையை விட்டு வெளியேறும்போது கொடுக்கும் விடுவிப்புச் சான்று. அதன் பெயர் டிடி-214. 1950 முதல் இதே படிவ எண்தான். எங்கே இருந்தார், எத்தனை நாள், என்ன வேலை, என்னென்ன பதக்கம் என்று ஒரு மனிதரின் படை வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடும். இப்போதைய படிவத்தில் பதக்கங்கள் 13-ஆம் கட்டத்தில் வரும். வீட்டுக்கடன், மருத்துவம், கடைசியில் கல்லறை மரியாதை வரை எல்லா இடத்திலும் கேட்பது இதைத்தான். திருத்தம் கிடைத்தால் பெரும்பாலும் அந்தத் தாளையே மாற்றி அடிக்க மாட்டார்கள். டிடி-215 என்ற இணைப்புத் தாள் வரும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு முக்கியமான தாளில் எப்படி விட்டுப்போகிறது?

வியட்நாம் போரில் பெரும்பாலான வீரர்களைக் கூட்டமாகத் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 12 மாதக் கணக்கு. கணக்கு முடிந்தவர் விமானம் ஏறி கலிஃபோர்னியாவில் இறங்குவார். சேவைக்காலமும் முடிந்திருந்தால் ஓரிரு நாளில் சீருடையைக் கழற்றி வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய பதக்க உத்தரவோ அங்கே படைப்பிரிவு அலுவலகத்தில் இன்னும் தட்டச்சில் இருக்கும். உத்தரவு வெளிவரும்போது டிடி-214 ஏற்கெனவே கையெழுத்தாகியிருக்கும். அந்த உத்தரவைத் தேடிப் பிடித்து இவருடைய கோப்பில் சேர்க்க யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நின்ற 20 வயதுப் பையனும் அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்த்திருக்க மாட்டான்.

பெரிய பதக்கங்களுக்கே இது நடந்திருக்கிறது. பாரிஸ் டேவிஸ் என்ற சிறப்புப் படை அதிகாரி 1965 ஜூனில் போங் சொன் அருகே நடந்த சண்டையில் தன் ஆட்களை விட்டுவிட்டு வர மறுத்து, காயத்தோடு போய் அவர்களை மீட்டார். மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஹானருக்கு அவரைப் பரிந்துரைத்த காகிதங்கள் காணாமல் போயின. மறுபடி அனுப்பியும் அதே கதை. பதக்கம் அவர் கழுத்தில் விழுந்தது 2023 மார்ச் 3 அன்று.

போர்ச் சின்னம் என்றால் எது? ஒன்றா, பலவா?

பல. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் மனுவிலேயே தப்பான பெயரை எழுதிவிடுகிறார்கள்.

காலாட்படை வீரருக்கு காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ். சுருக்கமாக சிஐபி. நீலப் பட்டையில் ஒரு பழங்காலத் துப்பாக்கி, சுற்றிலும் ஓக் இலை வளையம். 1943 அக்டோபரில் உருவானது. காலாட்படையோடு களத்தில் இருந்த மருத்துவப் பணியாளருக்கு காம்பாட் மெடிக்கல் பேட்ஜ், 1945-இல் வந்தது. இந்த இரண்டிலும் அடங்காத மற்றவர்களுக்கு 2005-இல் காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ், அதாவது சிஏபி. கடற்படைக்கும் மரைன்களுக்கும் காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன், 1969 முதல். விமானப்படைக்கு 2007 முதல் தனிப் பதக்கம். எதிரியால் காயம்பட்டவருக்கு, எந்தப் படையாக இருந்தாலும், பர்ப்பிள் ஹார்ட்.

அப்பா குண்டு மழைக்கு நடுவே இருந்தவர். ஆனாலும் சிஐபி கிடையாது என்கிறார்களே, ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவரின் குரல் தழுதழுக்கும் கேள்வியும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஐபிக்கு மூன்று நிபந்தனைகள். மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒன்று, அவருடைய வேலைக் குறியீடு காலாட்படையுடையதாக இருக்க வேண்டும். 11பி, 11சி போன்றவை. சிறப்புப் படைக்கும் இடம் உண்டு. இரண்டு, பிரிகேட் அளவிலோ அதற்குச் சிறியதாகவோ உள்ள ஒரு காலாட்படைப் பிரிவில் அவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று, அந்தப் பிரிவு எதிரியோடு நேரடித் தரைச் சண்டையில் இருந்தபோது அவரும் அங்கே இருந்து அதில் பங்கெடுத்திருக்க வேண்டும்.

போர்க்களத்தில் ஒரு வருடம் இருந்ததோ, போர்ப்படி வாங்கியதோ, முகாமில் ஷெல் விழுந்ததோ தனியாக எடுபடாது. பீரங்கிக்காரர், பொறியாளர், லாரி ஓட்டுநர், ராணுவப் போலீஸ் என்று வியட்நாமில் துப்பாக்கி ஏந்தி நின்ற பல ஆயிரம் பேர் முதல் நிபந்தனையிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படித்தான். அவர் இருந்த பீரங்கித் தளத்தின் முள்வேலி வரை எதிரி வந்திருக்கிறான். அன்று இரவு அவரும் காலாட்படை வீரர்களும் ஒரே பள்ளத்தில் படுத்துச் சுட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீலச் சின்னம் உண்டு. அவருக்கு இல்லை.

இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் விதி எழுதப்பட்ட காரணமும் தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக அதிகமாகச் செத்தவர்களும் மிகக் குறைவாகப் பேசப்பட்டவர்களும் காலாட்படையினர். அவர்களுக்கென்றே ஒரு மரியாதை வேண்டும் என்று கொண்டுவந்த சின்னம் அது. மற்றவர்களுக்கான சிஏபி வர 2005 ஆகிவிட்டது. அதுவும் 2001 செப்டம்பர் 18-க்குப் பிறகு நடந்த சண்டைகளுக்கு மட்டும். ஆக, வியட்நாமில் நின்ற பீரங்கிக்காரருக்கு இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கிறது.

மறுப்புக் கடிதம் வந்தால், "நீ சண்டை போடவில்லை" என்று அதில் எழுதியிருப்பதாக அப்பா எடுத்துக்கொள்வார். உட்கார்ந்து வரி வரியாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வேலைக் குறியீடு பொருந்தவில்லை என்றுதான் அதில் இருக்கும்.

பர்ப்பிள் ஹார்ட் கேட்க என்ன வேண்டும்?

காயம் எதிரியின் செயலால் வந்திருக்க வேண்டும். மருத்துவ அதிகாரி பார்த்திருக்க வேண்டிய அளவு காயமாக இருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவதில்தான் எல்லாரும் இடறுகிறார்கள். களத்தில் மெடிக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஓடியிருப்பார். எழுத நேரம் ஏது?

வியட்நாம் காலத்து வீரர்களுக்கு டிஏ படிவம் 20 என்று ஒரு அட்டை உண்டு. அதில் 40-ஆம் கட்டம் காயங்களுக்கானது. மனு வந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார்கள். அடுத்து, வியட்நாமில் அடிபட்டவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் வெறுமையாக இருந்தால் மருத்துவக் குறிப்பையோ நேரில் பார்த்தவர் வாக்குமூலத்தையோ நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

நோய், மனக்காயம், அமெரிக்கப் படையே தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்த பாதிப்பு ஆகியவை இதில் சேராது. அவற்றுக்கு முன்னாள் படைவீரர் துறையான விஏவிடம் இழப்பீடு கேட்கலாம். அது தனி வழி.

கோப்பு தீயில் எரிந்துவிட்டது என்று பதில் வந்தது. கதை முடிந்ததா?

முடியவில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. 1912 நவம்பரிலிருந்து 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. 1947 முதல் 1964 தொடக்கம் வரையிலான விமானப்படைக் கோப்புகளில், அகரவரிசையில் ஹபர்ட் என்ற பெயருக்குப் பின்னால் வருபவை சுமார் 75 சதவீதம். எதற்கும் நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் வீரர்களுக்கே அடி அதிகம். வியட்நாம் வீரர்களின் கோப்புகள் பெரும்பாலும் தப்பின.

கோப்பு எரிந்தாலும் அந்த மனிதரின் பெயர் வேறு பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பெனி எனப்படும் படைப்பிரிவில் யார் வந்தார், போனார், அடிபட்டார் என்று தினமும் எழுதிய காலை அறிக்கைகள், மருத்துவமனைச் சேர்க்கைப் பட்டியல்கள், கடைசிச் சம்பளச் சீட்டுகள் என்று பல உண்டு. சம்பளச் சீட்டைக் கவனமாகப் பாருங்கள். 1944 நடுவிலிருந்து சிஐபி பெற்றவருக்கு மாதம் 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த 10 டாலர் வரி இருந்தால் சின்னம் இருந்ததற்கு அது நல்ல தடயம்.

இன்னொன்று: 1941 டிசம்பர் 7 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான சேவைக்கு சிஐபியோ மருத்துவ பேட்ஜோ பெற்றவருக்கு ப்ரான்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திரம்) என்ற பதக்கமும் உரியது. இது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. தாத்தாவின் காகிதத்தில் சிஐபி மட்டும் இருந்தால் இதையும் கேளுங்கள்.

முதல் மனுவை எங்கே போடுவது?

நேராகத் திருத்த வாரியத்துக்கு ஓடாதீர்கள். கீழ்ப்படியில் தீரக்கூடியதை அங்கேயே கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் எஸ்எஃப்-180 படிவத்தில், அல்லது இணையத்தில், செயின்ட் லூயிஸ் மையத்திடம் முழுக் கோப்பின் நகல் கேளுங்கள். டிடி-214 மட்டும் போதும் என்று டிக் அடித்துவிடாதீர்கள். முழுக் கோப்பு என்று எழுதுங்கள். பதக்க உத்தரவு கோப்புக்குள்ளேயே இருந்து 214-இல் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது எழுத்துப் பிழைதான். ஃபோர்ட் நாக்ஸில் உள்ள தரைப்படை மனிதவளக் கட்டளையகம் அதைச் சரிசெய்து 215 கொடுத்துவிடும்.

கோப்பில் இல்லை என்றால்தான், அல்லது அவர்கள் மறுத்தால்தான், தரைப்படைப் பதிவுத் திருத்த வாரியம். அதற்குப் படிவம் டிடி-149. கடற்படைக்கும் மரைன்களுக்கும் ஒரு வாரியம், விமானப்படைக்கும் விண்வெளிப் படைக்கும் ஒன்று, கடலோரக் காவல்படைக்குத் தனி. படிவம் எல்லாருக்கும் அதேதான். டிடி-293 என்று ஒன்று கண்ணில் படும். அது விடுவிப்பின் தரத்தை உயர்த்தக் கேட்பது. இதற்கு வேண்டாம்.

மூன்று வருடக் கெடு என்று படிவத்தில் இருக்கிறதே. ஐம்பது வருடம் ஆகிவிட்டது.

பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடம் என்பது சட்டம். ஆனால் நீதியின் பொருட்டுத் தேவை என்று வாரியம் கருதினால் கெடுவைத் தள்ளுபடி செய்யலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை உண்மையாக எழுதுங்கள். "போரைப் பற்றி நாற்பது வருடம் யாரிடமும் பேசவில்லை" என்று பெரியவர் எழுதினார். அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

எந்த ஆதாரம் எடுபடும்?

ராணுவம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் கோப்பைத் திறக்கும். தவறு நடந்தது என்று காட்டுகிற பாரம் மனுதாரருடையது. நம் ஊரில் பட்டாவில் பெயர் விட்டுப்போன கதைதான். ஊரே சாட்சி சொன்னாலும் தாசில்தார் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பார்.

மூலப்பத்திரத்துக்குச் சமமானது பதக்க உத்தரவின் நகல். அது கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். கிடைக்காவிட்டால் இரண்டு இழைகளைத் தனித்தனியாகப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். படைப்பிரிவு அந்தத் தேதியில் அந்த இடத்தில் சண்டையில் இருந்தது என்பது ஒரு இழை. அந்த நாளில் இவர் அங்கே இருந்தார் என்பது இன்னொன்று. முதலாவதை படைப்பிரிவின் தினக்குறிப்புகளும் சண்டைக்குப் பிந்தைய அறிக்கைகளும் காட்டும். வியட்நாம் காலத்தவை மேரிலாந்தில் காலேஜ் பார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டாவதை காலை அறிக்கையும் டிஏ-20 அட்டையின் 38-ஆம் கட்டத்தில் உள்ள நியமன விவரமும் காட்டும். பலர் முதல் இழையை மட்டும் அனுப்பிவிட்டு ஏமாந்துபோகிறார்கள். பிரிவு சண்டையில் இருந்தது என்பதில் வாரியத்துக்குச் சந்தேகமே இருக்காது. அன்று நீங்கள் விடுப்பில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை என்பதற்கு என்ன காட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்து, கூட இருந்தவர்களின் வாக்குமூலம். "இவர் தங்கமானவர், தைரியசாலி" என்று எழுதி வாங்காதீர்கள். எழுதுபவர் யார், கம்பெனிக்குள் எந்தப் பிளட்டூன் (சிறு குழு), அன்று எத்தனை அடி தூரத்தில் இருந்தார், தன் கண்ணால் என்ன பார்த்தார் என்று இருக்க வேண்டும். தேதி நினைவில்லை என்றால் "மழைக்காலம் தொடங்கிய வாரம்" என்றாவது எழுதட்டும். தினக்குறிப்பில் அதைப் பொருத்திவிடலாம். மூன்று பேர் ஒரே வாசகத்தில் எழுதினால் மூன்றுக்கும் மதிப்புப் போய்விடும். ஒருவர் மழையையும் ஒருவர் ரேடியோ செத்துப்போனதையும் சொல்வது இயல்பு. அப்படியே விடுங்கள். அன்றைய கமாண்டர் உயிரோடிருந்தால் அவருடைய எழுத்துக்கு எடை அதிகம்.

அம்மாவுக்கு எழுதிய கடிதம், ஊர்ப் பத்திரிகையில் வந்த துணுக்கு, தேதி குறித்த புகைப்படம், இவையும் துணைக்கு நிற்கும். அசலை அனுப்பாதீர்கள். நகல் மட்டும்.

சாட்சிகளைத் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வியட்நாமில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பெரியவர் பட்டியல் எழுதிய ஏழு பேரில் நான்கு பேருடைய வீட்டில் போனை எடுத்தது மனைவியோ பிள்ளையோதான்.

வக்கீல் வேண்டுமா?

கட்டாயமில்லை. மனுவுக்குக் கட்டணமும் இல்லை. அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் இதற்கென்றே பழகியவர்கள் இலவசமாக உதவுவார்கள். நேரில் ஆஜராகக் கேட்கலாம், ஆனால் அபூர்வமாகத்தான் ஒப்புக்கொள்வார்கள். சிவிலியன்கள் மூன்று பேர் உட்கார்ந்து காகிதத்தை வைத்தே முடிவு செய்வார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

பத்தில் ஒன்பது மனுக்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதத்துக்கு மேல் இழுக்காமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்துவிட்டார். குடும்பம் கேட்கலாமா?

கேட்கலாம். மனைவியோ கணவரோ, பிள்ளைகளோ, சட்டப்படியான வாரிசோ போடலாம். இறப்புச் சான்றும் உறவுக்கான சான்றும் இணைக்க வேண்டும். படையிலிருந்து விடுபட்டு 62 வருடம் ஆனவர்களின் கோப்புகள் பொது ஆவணமாகிவிடும், யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம்; பேரப்பிள்ளைகளுக்கு அது உதவும்.

விஏ என் காயத்தை ஏற்று இழப்பீடு தருகிறது. அது போதாதா?

போதாது. விஏ வேறு, ராணுவம் வேறு. விஏயின் முடிவு வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்திசையில் பயன் பெரிது. பதிவில் சிஐபி, சிஏபி, பர்ப்பிள் ஹார்ட் போன்றவை ஏறிவிட்டால் விஏ அவரைச் சண்டையில் இருந்தவராக ஏற்றுக்கொள்ளும். அதன்பின், களத்தில் நடந்ததைப் பற்றி அவர் சொல்வது சூழ்நிலையோடு பொருந்தினால், தனிப் பதிவு இல்லாவிட்டாலும் ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. பர்ப்பிள் ஹார்ட் பெற்றவருக்கு விஏ மருத்துவத்தில் முன்னுரிமையும் கிடைக்கும். "இத்தனை வயதுக்கு மேல் சின்னம் எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள்.

பதக்கத்துக்கு யாரும் பரிந்துரைக்கவே இல்லை. இப்போது முடியுமா?

ப்ரான்ஸ் ஸ்டார், சில்வர் ஸ்டார் போன்றவற்றுக்கு ஒருவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், அதற்குக் கெடுவும் உண்டு. கெடு தாண்டியிருந்தால் உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரோ செனட்டரோ கேட்டுக்கொண்டால் ராணுவம் அதைப் பரிசீலித்தாக வேண்டும். நேரில் பார்த்த ஒருவர் பரிந்துரையை எழுத வேண்டும். தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது.

வாரியம் மறுத்துவிட்டது. அடுத்து?

முன்பு அவர்கள் பார்க்காத புதிய ஆதாரம் கிடைத்தால், எத்தனை வருடம் கழித்து வந்தாலும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய காகிதங்களையே மறுபடி அனுப்பிப் பயனில்லை. நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் அங்கே ஆறு வருடக் கெடு உண்டு.

கார்லின் கானரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். கென்டக்கி விவசாயி. 1945 ஜனவரி 24 அன்று பிரான்ஸில் ஹூசன் அருகே ஒரு தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டு தன் வரிசைக்கு முன்னால் ஓடி, ஒரு சிறு பள்ளத்தில் படுத்து, மூன்று மணி நேரம் பீரங்கிகளுக்கு வழிசொன்னார். எதிரி நெருங்கியபோது தன் தலைமீதே சுடச் சொன்னார். அதற்குக் கிடைத்தது இரண்டாம் நிலைப் பதக்கம். அதை உயர்த்தக் கேட்ட மனு 1990-களில் மறுக்கப்பட்டது. அவர் 1998-இல் இறந்தார். மனைவி பாலின் விடவில்லை. நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து மறுபடி கேட்டார், மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். கெடு முடிந்துவிட்டது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் சமரசப் பேச்சு நடந்து கோப்பு மறுபடி வாரியத்துக்குப் போனது. இந்த முறை வாரியம் அந்த வாக்குமூலங்களை ஏற்றுப் பரிந்துரைத்தது. 2018 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் மெடல் ஆஃப் ஹானரை பாலின் வாங்கிக்கொண்டார்.

என் மகன் மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவன். இது அவனுக்கும் பொருந்துமா?

பொருந்தும். நிரந்தரக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரையும் மொழித்திறனுக்காகவோ மருத்துவத் திறனுக்காகவோ படையில் சேர்த்த திட்டம் மாவ்னி. 2008-இல் அறிவித்த அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிய சேர்க்கை நின்றது. அந்த வழியில் போனவர்களில் ஆப்கானிஸ்தான், ஈராக் பார்த்தவர் யாராவது இருந்தால் சிஏபியைப் பார்க்க வேண்டும். வேலைக் குறியீடு அதற்குத் தடையில்லை. எதிரியைத் தாக்கியிருக்க வேண்டும் அல்லது எதிரியின் தாக்குதலில் நேரடியாகச் சிக்கியிருக்க வேண்டும். பெரிய முகாமின் மறு மூலையில் ஷெல் விழுந்தது போதாது.

இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சம்பவம் நடந்த வாரத்திலேயே வாக்குமூலங்களின் நகலை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். டிடி-214-இல் கையெழுத்துப் போடுமுன் 13-ஆம் கட்டத்தை விரல் வைத்துப் படியுங்கள்.

தகுதி நிச்சயம் இருக்கிறது. நாமே வாங்கி அணிந்தால் என்ன?

சின்னம் கடையில் கிடைக்கும். ஆனால் பதிவில் இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பணமோ சலுகையோ பெற்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டிடி-214-இல் கைவைத்துத் திருத்துவது அதைவிட மோசம். உண்மையான மனுவையும் அது கெடுத்துவிடும். வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்ததா?

சிஐபி கிடைக்கவில்லை. மேலே சொன்ன காரணம்தான். ஆனால் மனுவைப் படித்தவர்கள் கோப்பு முழுவதையும் பார்த்திருக்கிறார்கள். அவர் கேட்காத இரண்டு விஷயம் விட்டுப்போயிருந்தது. வியட்நாம் சேவைப் பதக்கத்தில் அவர் இருந்த காலத்துப் போர்த்தொடர்களுக்காக நான்கு வெண்கல நட்சத்திரங்கள் வர வேண்டும். டெட் எதிர்த்தாக்குதல் என்ற போர்த்தொடர் அதில் முதலாவது. அப்புறம், அங்கே இருந்த தரைப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் 1974-இல் ஒரே உத்தரவில் அங்கீகரித்த, தென் வியட்நாம் அரசின் கேலன்ட்ரி கிராஸ் பிரிவுச் சிறப்பு. இரண்டையும் சேர்த்து 215 அனுப்பினார்கள்.

மறுப்புப் பகுதியை நான் படித்தபோது தலையை மட்டும் ஆட்டினார். நட்சத்திரங்களின் வரி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு போர்த்தொடரின் பெயரையும் மறுபடி மெதுவாகப் படிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார், கூட இருந்தவர்களின் பெயர். தாள் இப்போது பிஸ்கட் டப்பாவில் 214-க்கு மேலே இருக்கிறது. முள்வேலி இரவைப் பற்றி மூன்று பக்கம் தன் கையால் எழுதி அதற்குக் கீழே வைத்திருக்கிறார்.